வெற்றியின் உட்புறம்

டால்ஸ்டாயின் மாபெரும் நாவலைத் தமிழாக்கிய டி. எஸ். சொக்கலிங்கம் அதற்குப் 'போரும் வாழ்வும்' என்று பெயரிட்டார். மூலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'போரும் சமாதானமும்' என்றுதான் வரவேண்டும். ஆனால் சமாதானம் என்ற சொல்லை விட்டுவிட்டு, வாழ்வு என்ற சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். அந்த நாவலைப் படித்து முடித்தவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை விளங்கும். போருக்கு எதிர்ப்பதம் சமாதானம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். சமாதானம் என்பது அரசர்களும் மந்திரிகளும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையெழுத்திடுகிற காரியம். சாதாரண மனிதனுக்குப் போரின் எதிர்ப்பதம் அதுவல்ல. அவனுக்கு அது வீடு, வாசல், கொல்லைப்புறத்து மரம், வேளைக்கு வேளை கொதிக்கிற உலை.

டால்ஸ்டாய் 1854, 1855 ஆண்டுகளில் செவஸ்தபோல் முற்றுகையின்போது பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர். குண்டு விழுகிற சத்தத்தைக் காதால் கேட்டவர். ஆனாலும் அவருடைய நாவலை மூடி வைத்த பிறகு என் மனத்தில் நிற்பவை பீரங்கிகள் அல்ல. நெப்போலியன் நெருங்கி வருகிறான் என்று மாஸ்கோவே காலி செய்துகொண்டு புறப்படும்போது, ராஸ்தோவ் குடும்பத்தார் வண்டிகளில் ஏற்றிக் கட்டிய வீட்டுச் சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டு, காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிக்கொள்கிறார்களே, அந்தக் காட்சி நிற்கிறது. வசந்த காலத்தில் பட்டுப்போனதுபோல் நின்ற ஓக் மரத்தை இளவரசன் ஆந்த்ரே பார்த்துவிட்டுப் போகிறான். திரும்பி வரும்போது அது தளிர்த்து நிற்கிறது. அந்த மரம் நிற்கிறது. போர்க் கதையில் ஒரு வண்டிச் சாமானும் ஒரு மரமும் மறக்க முடியாதவையாகிவிடுகின்றன என்றால், இது என்ன விந்தை?

இந்த விந்தை டால்ஸ்டாய்க்கு முன்பே, அவருக்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் முன்பே, தமிழில் நடந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு இருக்கிறது. 188 அடிகள். பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டு, வெளியே தலை காட்ட முடியாமல் வீட்டிற்குள் முடங்கிக் கிடக்கிற நாட்களில் அதை எடுத்துப் படிப்பது என் வழக்கம். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயாமல் ஒரு மாதிரி வாடை வீசிக்கொண்டிருக்கும். தீப்பெட்டி நமுத்துப்போய்க் குச்சி குச்சியாக வீணாகும். கூடத்து ஜன்னல் கதவு ஊறிப்போய் மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. அப்படிப்பட்ட ஒரு மாலைப்பொழுதில் படித்தால்தான் அந்தப் பாட்டு முழுவதும் பிடிபடும். கோடைக்காலத்தில் விசிறிக் காற்றில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு அது பாதிதான் கிடைக்கும்.

பாட்டுக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. உரைகாரர்களும் மரபும் இதன் தலைவனாகச் சொல்லுவது தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை. அவன் பட்டத்துக்கு வந்தபோது மிகவும் சிறியவன். காலில் இருந்த கிண்கிணியைக் கழற்றிவிட்டு வீரக்கழலைப் பூட்டிக்கொண்டான். கழுத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுகிற ஐம்படைத் தாலி இன்னும் கழற்றப்படவில்லை. பால்குடி மறந்து சோறு உண்ணத் தொடங்கியதே இன்றுதான் என்று இடைக்குன்றூர் கிழார் என்ற புலவர் புறநானூற்றில் வியக்கிறார். சிறு பையன்தானே என்று சேரனும் சோழனும் ஐந்து வேளிர்களும் சேர்ந்துகொண்டு படையெடுத்து வந்தார்கள். ஏழு பேருக்கு எதிரே ஒருவன். தலையாலங்கானத்தில், அதாவது திருவாரூர்ச் சீமையில் இன்று தலையாலங்காடு என்று வழங்கும் ஊரில் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறும் இடத்தில், ஒரே பகலில் அவன் அவர்களை வென்றான். போருக்குப் புறப்படும்போது அவன் கூறிய வஞ்சினம் புறநானூற்றில் அவன் பெயராலேயே இருக்கிறது. வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் ஒதுங்கட்டும். இரந்து வந்தவர்க்கு ஈய முடியாத வறுமை என்னைப் பிடிக்கட்டும் என்று சொல்கிறான். வாள், வேல், உயிர் எதையும் பணயம் வைக்கவில்லை. புலவன் பாடாமல் போவதைச் சாபமாக வைத்திருக்கிறான்!

இப்படிப்பட்ட அரசனைப் பாட வந்த நக்கீரர் எங்கே தொடங்குகிறார் தெரியுமா? மழையில் நனைந்து, மேட்டு நிலத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போய், கொள்ளிக் கட்டையைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்கிற இடையர்களிடம் தொடங்குகிறார். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கின்றன. மாடுகள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன. மந்திகள் கூனிக் குறுகிக் கிடக்கின்றன. கறவைப் பசு பாலூட்ட வந்த தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. தாய் கன்றை உதைக்கிற குளிர் என்றால் அது எத்தகைய குளிர் என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

பிறகு ஊருக்குள் வருகிறார். சூரியனே தெரியாததால் பொழுது போனது யாருக்கும் தெரியவில்லை. தட்டிலே பறித்து வைத்த பிச்சி மொட்டு மலர்ந்து மணம் வீசிய பிறகுதான், ஓகோ, அந்தி வந்துவிட்டது என்று பெண்கள் விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவி வணங்குகிறார்கள். வீட்டுப் புறாக்கள் துணையோடு வெளியே போய் இரை தேட மனமின்றி, இரவு எது, பகல் எது என்று தெரியாமல், மாடத்துப் பலகையில் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கோடையில் கைபடாத நேரமே இல்லாத விசிறியைச் சுருக்கி மாட்டியாகிவிட்டது. அதிலே சிலந்தி நூல் கட்டித் தொங்குகிறது. மாடியில் தென்றல் வருகிற ஜன்னலைத் தாழிட்டாயிற்று. குளிர்ந்த நீர் வைத்த குடத்தை யாரும் தொடுவதில்லை. எல்லாரும் கணப்புச் சட்டியைச் சுற்றி இருக்கிறார்கள். ஆடல் மகளிரின் யாழில் நரம்பு குளிரில் சுருதி கலைந்துவிட்டது. அதை மார்பின் வெம்மையில் வைத்துத் தடவிச் சரிசெய்கிறார்கள்.

இதுவரை போர் எங்கே? ஒரு சொல்கூட இல்லை. மாட்டி வைத்த விசிறியில் சிலந்தி வலை பின்னியதைக் கவனித்துச் சொல்லுகிற கவி, ஏழு அரசர்களை முறியடித்த போரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவசரப்படுகிற வாசகன், இது என்ன, வீட்டுக் குறிப்பாக இருக்கிறதே என்று புரட்டிவிடக்கூடும்.

அப்படிப் புரட்டிவிடுகிறவன் ஒரு கட்டிலைப் பார்க்காமல் போய்விடுவான். அரண்மனையின் உள்ளே, அரசியின் அறையில் ஒரு வட்டக் கட்டில் கிடக்கிறது. அதிலே துணையோடு கூடிய அன்னங்களின் தூவியைப் பரப்பி மெத்தை அமைத்திருக்கிறார்கள். எல்லாம் அழகு. ஆனால் அந்தக் கட்டிலைச் செய்த தந்தம் எங்கிருந்து வந்தது? நாற்பது வயது நிரம்பிய, போர்க்களத்தில் பட்டு விழுந்த யானையின் கொம்பு அது. நக்கீரர் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தச்சன் வேலைப்பாட்டை வர்ணிக்கிறபோது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். போர் எங்கோ தொலைவில் நடக்கவில்லை. படுக்கையறைக்குள்ளேயே வந்து கட்டிலுக்குக் காலாக நின்றுகொண்டிருக்கிறது. ஒருபுறம் துணை பிரியாத பறவையின் தூவி. இன்னொருபுறம் களத்தில் மாண்ட யானையின் கொம்பு. நடுவே தனியாக ஒரு பெண்.

அவள் நகைகளைக் கழற்றிவிட்டாள். பொன் வளையல் கிடந்த கையில் சங்கு வளை இருக்கிறது. பட்டு உடுத்திய இடையில் அழுக்கேறிய நூல் சேலை. வண்ணம் தீட்டுவதற்கு முன் கோட்டோடு நின்றுவிட்ட சித்திரம்போல் இருக்கிறாள். செவிலியர் ஏதேதோ சொல்லித் தேற்றுகிறார்கள். அவள் காதில் ஏறவில்லை. மேலே விதானத்தில் நட்சத்திரங்களை எழுதியிருக்கிறார்கள், சந்திரனை விட்டுப் பிரியாத ரோகிணியை நிமிர்ந்து பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், கண்ணின் கடையில் தேங்கிய நீரை விரலால் தெறித்துவிடுகிறாள். அவ்வளவுதான். ஓலமிட்டு அழவில்லை. செவிலியர் கொற்றவையை வேண்டுகிறார்கள்: அவன் தொழில் இப்போதே முடியட்டும், வென்று முடியட்டும் என்று.

சட்டென்று பாட்டு பாசறைக்குத் தாவுகிறது. நடுநிசி. வாடை அடிக்கிறபோதெல்லாம் விளக்குச் சுடர் தெற்கே சாய்ந்து சாய்ந்து எரிகிறது. அரசன் உறங்கவில்லை. தலையில் வேப்பிலை கட்டிய வேலை ஏந்திய ஒருவன் முன்னே நடந்து, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு போகிறான். சேறான தெருவில் நிற்கிற குதிரைகள் மேலே விழுந்த தூறலை உடம்பைச் சிலிர்த்து உதறுகின்றன. இடது தோளிலிருந்து நழுவுகிற மேலாடையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மற்றொரு கையை ஓர் இளைஞனின் தோளில் போட்டுக்கொண்டு, சிலரோடு அவன் நடந்துகொண்டிருக்கிறான். பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. அவன் வீடு திரும்பினானா, அவள் சிரித்தாளா என்றெல்லாம் நக்கீரர் சொல்லவில்லை.

அதே வாடை அரண்மனையில் அடிக்கிறது. அதே வாடை பாசறையிலும் அடிக்கிறது. பிரிந்திருக்கிற அரசிக்கு ஒவ்வொரு நாழிகையும் நீள்வதால் அது நெடிய வாடை. வெற்றியைத் தேடுகிற அரசனுக்கு அது நல்ல வாடை. நெடுநல்வாடை என்ற பெயருக்கு நச்சினார்க்கினியர் தரும் விளக்கம் இதுதான். ஒரே காற்றுக்கு இரண்டு அடைமொழி! போரைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட நூல்களின் தலைப்புகளில் இதைவிட நியாயமானதை நான் அறியேன்.

இந்தப் பாட்டு அகமா, புறமா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. பிரிவும் ஏக்கமும் நிறைந்த பாட்டாயிற்றே. அகம் என்றுதானே சொல்லவேண்டும்? ஆனால் அகப்பாட்டில் தலைவனின் பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியர் விதி. இங்கே பெயர் இல்லை. ஆனால் அந்த வேலின் தலையில் வேம்பு இருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆகவே இன்ன குலத்து அரசன் என்பது தெரிந்துபோயிற்று. ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். 188 அடிகளில் ஒரு கொத்து வேப்பிலை! அந்த இலையை எடுத்துவிட்டால் அவன் யாரோ ஒரு கணவன். அவள் யாரோ ஒரு மனைவி. இலையை வைத்துவிட்டால் அவன் பாண்டியன், அது சரித்திரம். என் வீட்டு வாசலில் நிற்கிற வேம்பு ஆண்டுதோறும் பூத்து உதிர்கிறது. பூவைப் பெருக்கி எடுத்து ரசம் வைக்கிறோம். இலையை அம்மை கண்ட வீட்டு வாசலில் செருகுகிறோம். அந்த மரத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்த வழக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. வீட்டு மரத்தைச் சரித்திரமாக்குவதற்கு அதை ஒரு வேலின் நுனியில் கட்டினால் போதும்.

நம் முன்னோர் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆநிரை கவர்வது வெட்சி, படையெடுப்பது வஞ்சி, கோட்டையை முற்றுவது உழிஞை, எதிரெதிரே நின்று பொருவது தும்பை, வெல்வது வாகை. அதோடு நிற்கவில்லை. இவை ஒவ்வொன்றும் ஓர் அகத்திணையின் புறம் என்று தொல்காப்பியர் இணைத்துக் காட்டுகிறார். வெட்சி குறிஞ்சியின் புறம். வஞ்சி முல்லையின் புறம். கணவன் மண்ணாசை கொண்ட பகைவன் மேல் படையெடுத்துப் போவது வெளிப்பக்கம் என்றால், மனைவி வீட்டில் காத்திருப்பது அதன் உள்பக்கம். இது எளிதில் விளங்கிவிடுகிறது. ஆனால் வாகைக்கு உள்பக்கம் எது? பாலை! வெற்றியின் அகம் பிரிவு. நெடுநல்வாடை வாகைத் திணையில் கூதிர்ப் பாசறை என்ற துறையில் அடங்கும். வெற்றி என்ற நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கே பாலை நிலம் இருக்கிறது என்பதை இலக்கண நூலிலேயே எழுதி வைத்த சமுதாயம் நம்முடையது. அப்படி எழுதி வைத்ததால் போர் நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஆனால் வெற்றி பெற்றவன் தன் வெற்றியின் உட்புறம் எது என்று தெரியாதவனாக இருக்கமுடியவில்லை.

ஒரு நியாயமான ஆட்சேபத்தை இங்கே எழுப்பலாம். நக்கீரர் காட்டுகிற வீடு வென்றவனின் வீடுதானே? தோற்ற ஏழு பேருக்கும் வீடுகள் இருந்தன. அங்கேயும் புறாக்கள் இருந்திருக்கும். விசிறிகளில் சிலந்தி வலை கட்டியிருக்கும். செவிலியர் வேண்டுகிற வெற்றி இன்னொரு வீட்டுச் செவிலியரின் இழவு அல்லவா?

ஆட்சேபம் உண்மைதான். நெடுநல்வாடையில் அதற்கு விடை இல்லை. ஆனால் தொகை நூல்களில் இருக்கிறது. இதே நெடுஞ்செழியனைப் பாடிய கல்லாடனார் புறநானூற்றில், பகைவரின் மனைவியர் மார்பில் அறைந்துகொண்டு அழுது, ஆற்று அறல்போன்ற கூந்தலைக் களைந்து கைம்மை ஏற்பதைக் காட்டுகிறார். அதைக் கண்ட பிறகே அவனுடைய வேல் ஓய்ந்தது என்று முடிக்கிறார். எந்த மாங்குடி மருதன் தன்னைப் பாடவேண்டும் என்று அவன் வஞ்சினத்தில் வேண்டினானோ, அந்த மாங்குடி மருதனார் 782 அடிகளில் மதுரைக்காஞ்சி பாடி, உலகத்தின் நிலையாமையை அவன் முகத்துக்கு நேரே சொன்னார். வேறொரு போரில், சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டபோது, கோவூர் கிழார் இடையே போய் நின்றார். ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த நெடுங்கிள்ளியிடம் அவர் சொன்னவை வீட்டுச் செய்திகள்: குழந்தைகள் பாலின்றி அழுகின்றன, பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிகிறார்கள், வீடுகளில் நீர் இல்லை. உறையூர் முற்றுகையின்போது அவர் சொன்னது இன்னும் கூர்மையானது: உன்னை எதிர்ப்பவன் பனம்பூ அணிந்த சேரனும் அல்லன், வேம்பு அணிந்த பாண்டியனும் அல்லன், நீ அணிந்ததும் ஆத்தி, அவன் அணிந்ததும் ஆத்தி, எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. நச்சினார்க்கினியருக்கு வேம்பு அடையாளம் காட்டியது. கோவூர் கிழாருக்கு ஆத்தி, அடையாளம் பார்ப்பதே பேதைமை என்று காட்டியது.

வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவரின் பாட்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நொச்சித் தழையைப் பெண்கள் இடுப்பில் தழையாடையாக அணிந்திருந்ததை முன்பு பார்த்தோம் என்கிறார். அதே நொச்சியைக் கோட்டை காத்த வீரன் சூடினான். அவன் வெட்டுண்டு விழுந்தான். குருதியில் தோய்ந்து உருமாறிக் கிடந்த அந்தத் தழையை ஊன் என்று மயங்கி ஒரு பருந்து தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தோம் என்கிறார். பாட்டு அவ்வளவுதான். யாரையும் பழிக்கவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஒரே இலையை இரண்டு தடவை காட்டினார்.

போர் நமக்குத் தூரத்துச் செய்தி என்று தமிழர்கள் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தோம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு வீசியபோது அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டது, கப்பல் போய்விட்டது, 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்று சென்னைவாசிகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். அதே யுத்தத்தில் கடல் கடந்து போயிருந்த தமிழர்கள் பட்ட பாட்டை நாவலாக்கியவர் ப. சிங்காரம். 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் ஜப்பானியர் பிடியிலுள்ள மெடானில் நடமாடுகிற பாண்டியனின் மனத்தில், மதுரைத் தெருக்களும் சொந்த ஊர்க் கடைத்தெருவும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. நக்கீரரின் பாசறைக்கும் அரண்மனைக்கும் இடையே அடித்த காற்றுத்தான் அங்கேயும் அடிக்கிறது என்று எனக்குத் தோன்றும். பாசறையில் இருப்பவனுக்கு வீடு கனவு; வீட்டில் இருப்பவளுக்குப் பாசறை கனவு. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவன் எழுத்தாளன் ஒருவனே.

தலையாலங்கானப் போரைப் பற்றி நமக்கு இன்னொரு சாட்சியமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பாண்டியன் வெளியிட்ட சின்னமனூர்ச் செப்பேடு தன் முன்னோர் பெருமைகளை அடுக்கிக்கொண்டு போகும்போது, தலையாலங்கானத்தில் இரண்டு வேந்தரின் தலையைத் துணித்ததையும் ஒரு பெருமையாகச் சொல்கிறது. செம்பிலே வெட்டிய எழுத்து, அழியாது. அதிலே குளிர் இல்லை. புறா இல்லை. கண்ணீரை விரலால் தெறித்த பெண் இல்லை. வென்றான், கொன்றான், அடுத்தவன் வந்தான், அவனும் வென்றான். படித்து முடித்ததும் எந்தத் தலை யாருடையது என்பதுகூட நினைவில் நிற்காது.

நெடுநல்வாடை பனையோலையில் இருந்தது. கரையான் தின்னக்கூடிய ஓலை. வெள்ளம் கொண்டுபோகக்கூடிய ஓலை. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டார். அவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், தலையாலங்கானம் நமக்குச் செப்பேட்டில் ஒரு வரியாக மிஞ்சியிருக்கக்கூடும். வென்ற அரசன் சேற்றில் நடந்தான், மேலாடை நழுவியது, குதிரைகள் மழைத்துளியை உதறின என்பதெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்தத் துளிகளால்தான் அவன் நமக்கு மனிதனாக மிஞ்சினான்.